வெஸ்ட் கோஸ்ட் டிரெயில்: கடலைக் கேட்டுத் திட்டமிடும் எட்டு நாள் நடை

கனடாவில், வான்கூவர் தீவின் மேற்குக் கரையில், பச்சீனா பே முதல் கார்டன் ரிவர் வரை 75 கிலோமீட்டர். புதிதாகப் போகிறவர்கள் போடும் முதல் கணக்கு, 75-ஐ விடுமுறை நாட்களால் வகுப்பது. ஏழு நாள் விடுமுறை என்றால் நாளைக்குப் பத்து கிலோமீட்டர் சொச்சம். "இதைப் பூங்காவில் தினமும் நடக்கிறேனே" என்பார்கள். இந்தப் பாதையில் மூன்று முறை நடந்திருக்கிறேன். இரண்டு முறை டொரொன்டோவிலிருந்து வந்த உறவினர்களையும் கூட்டிப் போனேன். பட்ட சிரமங்களில் பாதிக்கு மேல் அந்த வகுத்தல் கணக்கிலிருந்தே கிளம்பியவை. இங்கே ஒரு நாள் பதினேழு கிலோமீட்டர் நடப்பீர்கள், இன்னொரு நாள் நான்குதான். எந்த நாள் எவ்வளவு என்பதைக் கடலும் சேறும் ஏணிகளும் முடிவு செய்கின்றன.

கீழே உள்ளவை செய்ய வேண்டிய வரிசையிலேயே இருக்கின்றன. வரிசையை மாற்றினால் என்ன ஆகும் என்பதையும் ஆங்காங்கே சொல்லியிருக்கிறேன்.

1. முன்பதிவுக்கு முன் ஓத அட்டவணை

பலரும் முதலில் விடுமுறை தேதியைப் பிடிப்பார்கள், பிறகு அனுமதி, கடைசி வாரத்தில்தான் கடல் ஏறுவதையும் வற்றுவதையும் சொல்லும் ஓத அட்டவணை. இது தலைகீழ். தெற்குப் பகுதியில் ஓவன் முனை என்று ஒரு பாறை முனை இருக்கிறது. கடல் மட்டம் 1.8 மீட்டருக்குக் கீழே இருக்கும்போதுதான் அதைச் சுற்றிக் கரை வழியாகக் கடக்கலாம். அந்த வாய்ப்பு பகலில் வசதியான நேரத்தில் கிடைக்கும் நாளை முதலில் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து பின்னோக்கி எண்ணினால் நீங்கள் புறப்பட வேண்டிய தேதி வரும். அந்தத் தேதிக்குத்தான் அனுமதி கேட்க வேண்டும்.

டோஃபினோ என்ற ஊருக்கான அட்டவணையைப் பாருங்கள். இந்தக் கரைக்கு அதுதான் அளவுகோல். ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம் வரும், ஆனால் இரண்டும் சம உயரமல்ல. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வற்றம் மிக ஆழமாக இருக்கும். கோடையில் அந்த ஆழமான வற்றம் காலையில் வருவது நமக்கு அதிர்ஷ்டம். ஒவ்வொரு நாளும் அது முக்கால் மணி, ஐம்பது நிமிடம் என்று தள்ளிப்போகும். ஆகவே பௌர்ணமியோ அமாவாசையோ கழிந்து இரண்டு மூன்று நாளில், முற்பகலில் நல்ல வற்றம் அமைகிறதா என்று பாருங்கள். வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியே முதல் வடிகட்டலுக்குப் போதும்.

அட்டவணையில் இருப்பது நிலை நேரமா, ஒரு மணி நேரம் கூட்டிய கோடை நேரமா என்பதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். முதல் தடவை நாங்கள் நிலை நேர அட்டவணையைக் கூட்டாமல் படித்தோம். ஒரு மணி நேரம் முன்னதாகப் போய் மழையில் நின்றோம், அவ்வளவுதான். ஏற்கெனவே கூட்டிய அட்டவணையில் இன்னொரு முறை கூட்டுவது அப்படியல்ல: ஒரு மணி நேரம் தாமதமாகப் போய், ஏறுகின்ற கடலில் மாட்டிக்கொள்வீர்கள்.

2. வடக்கிலிருந்து தெற்கே நடங்கள்

இரண்டு முனைகளிலிருந்தும் தொடங்கலாம். பாதையின் பாதி வழியில் நிட்டினாட்டிலும் ஒரு நுழைவு உண்டு. முதல் தடவை என்றால் வடக்கே பச்சீனா பேயிலிருந்து தொடங்குங்கள்.

முதுகுப்பை மிகவும் கனமாக இருப்பது முதல் இரண்டு நாட்களில். வடக்குப் பகுதி பெரும்பாலும் சமதளக் காடும் மணல் கரையும். அந்தக் கனத்தை அங்கே தாங்கிவிடலாம். ஏணிகளும் சேறும் பாறைகளும் குவிந்த தெற்குப் பகுதியை அடையும்போது நான்கு நாள் சாப்பாடு குறைந்திருக்கும், காலும் பழகியிருக்கும். தெற்கிலிருந்து தொடங்குபவர்கள் முழுச் சுமையோடு முதல் நாளே மிகக் கடினமான இடத்தில் ஏறுகிறார்கள். அப்படித் தொடங்கி மூன்றாம் நாள் முட்டி வீங்கித் திரும்பியவர்களை ஒவ்வொரு முறையும் எதிரே பார்த்திருக்கிறேன்.

3. நாட்களைப் பிரிப்பது

பாதையில் ஒவ்வொரு இடமும் கிலோமீட்டர் எண்ணால் அறியப்படுகிறது. பச்சீனா பே 0, கார்டன் ரிவர் 75. நான் வைத்துக்கொள்ளும் பிரிப்பு இது:

முதல் நாள் மிஷிகன் க்ரீக் (12). இரண்டாம் நாள் சூசியாட் அருவி (25). மூன்றாம் நாள் நிட்டினாட் ஓடையைப் படகில் கடந்து க்ரிப்ஸ் க்ரீக் (42). நான்காம் நாள் வால்பிரன் (53). ஐந்தாம் நாள் கல்லைட் (58). ஆறாம் நாள் கேம்பர் (62). ஏழாம் நாள் ஓவன் முனையைச் சுற்றி திராஷர் கோவ் (70). எட்டாம் நாள் கார்டன் ரிவர் (75).

ஐந்தாம் நாள் ஐந்து கிலோமீட்டர், ஆறாம் நாள் நான்கு. இதைப் பார்த்து என் மைத்துனர், "நான்கு கிலோமீட்டருக்கு ஒரு நாளா? காய்கறி வாங்கப் போகும் தூரம்" என்று சிரித்தார். அந்த நான்கு கிலோமீட்டர் முடிந்தபோது மாலை நான்கு மணி. அவர் பூட்ஸைக் கழற்றாமலே மணலில் படுத்துவிட்டார். தெற்கே மணிக்கு ஒரு கிலோமீட்டர் போனால் நல்ல வேகம்.

மூன்றாம் நாளின் பதினேழு கிலோமீட்டர் பெரும்பாலும் பலகைப் பாதை, மணல் என்பதால் முடியும். ஆனால் நிட்டினாட் படகு மாலைக்கு முன்பே நின்றுவிடும். நண்பகலுக்குள் அங்கே போய்ச் சேரும்படி விடியலில் கிளம்புங்கள். ஓடையின் கரையில் நண்டும் மீனும் சுட்டுத் தரும் இடம் இருக்கிறது. ரொக்கம் கொண்டுபோங்கள். மூன்று நாள் அவல் சாப்பிட்ட நாக்குக்கு அந்த நண்டின் விலை பெரிதாகத் தெரியாது.

4. முன்பதிவும் பயணமும்

பாதை பசிபிக் ரிம் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. மே முதல் செப்டம்பர் வரை திறந்திருக்கும். ஒரு நாளில் இத்தனை பேர்தான் என்ற வரம்பு உண்டு. முன்பதிவு வழக்கமாக ஆண்டின் தொடக்கத்திலேயே திறக்கும், சூலை, ஆகஸ்டு நாட்கள் விரைவில் தீர்ந்துவிடும். அதனால் மாற்றுத் தேதிகள் இரண்டைக் கையில் வைத்திருங்கள். அவையும் ஓத அட்டவணைக்குப் பொருந்துபவையாக இருக்கட்டும். கிடைத்த தேதிக்குப் பதிந்துவிட்டுப் பிறகு கடலைப் பார்ப்போம் என்று நினைப்பதுதான் இங்கே நடக்கும் தவறு.

ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அனுமதி இல்லை. பன்னிரண்டுக்குட்பட்ட பிள்ளைகளை நான் கூட்டிப் போக மாட்டேன். ஏணிப் படிகளின் இடைவெளி பெரியவர்களின் காலுக்கு அமைத்தது.

புறப்படும் முன் பூங்கா ஊழியர்கள் நடத்தும் அறிமுக வகுப்பில் உட்கார்ந்தே ஆக வேண்டும். எந்த ஏணி உடைந்திருக்கிறது, எந்த ஓடையில் வெள்ளம், கரடி எங்கே நடமாடுகிறது என்ற அன்றைய செய்தி அங்கேதான் கிடைக்கும். பேனாவோடு போய், கொடுக்கும் வரைபடத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். எந்த இடத்தை எந்தக் கடல் மட்டத்தில் கடக்கலாம் என்பதும் அந்த வரைபடத்தில்தான் இருக்கிறது.

காரை கார்டன் ரிவர் முனையில் நிறுத்திவிட்டு, இரண்டு முனைகளையும் இணைக்கும் பஸ்ஸில் பச்சீனா பேக்குப் போங்கள். நடந்து முடிக்கும்போது கார் எதிரே நிற்கும். மாறாக, பச்சீனா பேயில் காரை விட்டவர்கள் களைத்த உடம்போடு, பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் கடைசி நாளை நடப்பார்கள். அவசரம் வழுக்கலில் முடியும்.

விமானத்தில் வருகிறவர்கள் கேஸ் உருளையையும் கரடி விரட்டும் மிளகுத் தெளிப்பானையும் கொண்டுவர முடியாது. தீவின் பெரிய நகரமான விக்டோரியாவில் கடை திறந்திருக்கும் நேரத்தில் வந்து இறங்கும்படி டிக்கெட் எடுங்கள்.

5. பையின் எடை

சாப்பாடு, தண்ணீர் உட்பட, உங்கள் உடல் எடையில் கால் பங்கைத் தாண்டாமல் பாருங்கள். வீட்டில் தராசில் நிறுத்துப் பாருங்கள். கையால் தூக்கிப் பார்த்துச் சொல்லும் மதிப்பீடு எப்போதும் பொய்.

கனம் குறைக்கக் கூடாத மூன்று: மழைச் சட்டையும் கால்சட்டையும், கணுக்காலைப் பிடிக்கும் பழகிய பூட்ஸ், நீர் புகாத உறைக்குள் வைத்த உறக்கப்பை. கார்டன் ரிவர் முனையை ஒட்டிய ஊரான போர்ட் ரென்ஃப்ரூவில் ஆண்டு மழை 3,000 மில்லிமீட்டரைத் தாண்டும். கோடைதான் வறண்ட பருவம் என்றாலும், அங்கே 'வறண்ட' என்பதற்கு வேறு பொருள். ஆகஸ்டில் மூடுபனி அடிக்கடி இறங்கும். அதற்காகவே அந்த மாதத்துக்கு ஒரு கேலிப் பெயரும் வைத்திருக்கிறார்கள். மழை பெய்யாமலே துணி நனையும்.

பருத்திச் சட்டை, ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். நனைந்தால் எட்டு நாளும் காயாது. கம்பளி அல்லது செயற்கை நூல் துணியில் நடக்க ஒரு தொகுதி, உறங்க ஒரு தொகுதி. உறங்கும் தொகுதியை எவ்வளவு ஆசை வந்தாலும் நடக்கும்போது போடாதீர்கள். காலையில் ஈரத் துணியை மீண்டும் மாட்டும் அந்த ஒரு நிமிடம் கொடுமைதான், ஆனால் இரவில் காய்ந்த துணி இருப்பதுதான் உடல் சூட்டைக் காக்கும்.

பூட்ஸுக்குள் மணலும் சேறும் புகாதபடி முழங்கால் வரை கட்டும் உறை, இரண்டு ஊன்றுகோல், தலைவிளக்கு, கொப்புளத்துக்கு ஒட்டும் பட்டை, செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவி. கைப்பேசிச் சிக்னலை நம்ப முடியாது. சில இடங்களில் எதிர்க்கரையான அமெரிக்காவின் சிக்னல் எட்டிப் பார்க்கும், அது உதவிக்கு அல்ல, கட்டணத்துக்கு.

6. சாப்பாடு

ஒருவருக்கு ஒரு நாளைக்கு 650 முதல் 750 கிராம் உலர்ந்த உணவு என்பது என் கணக்கு. எட்டு நாளுக்கு ஐந்தரைக் கிலோவை ஒட்டி வரும். கடையில் விற்கும் உறைந்துலர்ந்த பொட்டலங்கள் நல்லவைதான்; ஆனால் மூன்றாம் நாள் நமக்குப் புளியும் மிளகாயும் கேட்கும். நம் சமையலறையே இதற்குத் தோதானது.

ரவையை நெய்யில் வறுத்து, கடுகு, உளுந்து, கறிவேப்பிலை, முந்திரி தாளித்துக் கலந்து, ஒரு வேளைக்கு ஒரு பை என்று கட்டுங்கள். கொதிநீர் ஊற்றி மூடி, பத்து நிமிடம் துணியில் சுற்றி வைத்தால் உப்புமா. அடுப்பைத் தொடர்ந்து எரிக்க வேண்டாம் என்பதே இதன் அருமை, கேஸ் மிச்சமாகும். அவல் அதற்கும் ஒரு படி மேல், குளிர்ந்த நீரிலேயே ஊறும். மழை கொட்டும் காலையில் அடுப்புப் பற்றவைக்காமல் வெல்லமும் தேங்காய்த் துருவல் வற்றலும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டு நடையைக் கட்டலாம். உலர்ந்த சேவை, புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, சத்துமாவு, ரசப்பொடி. ஈரம் ஊறிய மாலையில் ஒரு குவளை ரசம் செய்யும் வேலையை வேறெதுவும் செய்யாது.

பச்சரிசி வேண்டாம். ஒருமுறை என் சித்தி மூன்று கிலோ அரிசியும் கண்ணாடிப் புட்டியில் மாங்காய் ஊறுகாயும் கட்டிக் கொடுத்தார். அரிசி வேக இருபது நிமிடம் கேஸ் எரிந்தது. நான்காம் நாள் இரவோடு உருளை காலி. புட்டியை எட்டு நாளும் சுமந்தோம், ஏனென்றால் கொண்டுபோன குப்பையை எல்லாம் நீங்களேதான் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

கருவாட்டையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அதன் மணம் நமக்கு மட்டும் பிடித்ததல்ல.

7. பயிற்சி

ஆறு வாரம் போதும், ஆனால் பையோடு. வெறும் ஓட்டம் இதற்கு உதவாது. பையில் தண்ணீர்ப் புட்டிகளை நிரப்பி அடுக்குமாடிப் படிகளில் ஏறி இறங்குங்கள். இறங்குவதுதான் முட்டிக்கான பயிற்சி. கூடாரத்தையும் ஒருமுறை வீட்டுக்கு வெளியே, இருட்டில் அடித்துப் பாருங்கள்.

8. காலை எங்கே வைப்பது

கரையா காடா என்ற தேர்வு பல இடங்களில் வரும். மரக்கிளையில் வண்ண மிதவைகள் தொங்கினால் அங்கே கரையிலிருந்து காட்டுப் பாதைக்கு ஏறும் வழி இருக்கிறது என்று பொருள். கரை வேகமானது, ஆனால் அடுத்த ஏறுவழி வரை கடல் இடம் தருமா என்று பார்க்காமல் இறங்காதீர்கள்.

மணலில் நீர் வடிந்த இறுகிய பகுதியில் நடங்கள். பாறைத் தட்டில் சிப்பி ஒட்டிய சொரசொரப்பு காலைப் பிடிக்கும். பச்சையும் கறுப்புமாகப் பளபளக்கும் பாசி வாரிவிடும். ஈரமான மிதவை மரக்கட்டைகள் பாசியைவிட மோசம். தட்டுகளைக் கிழித்துக்கொண்டு கடல் புகும் பிளவுகள் தெற்கே வரும். தாவிக் கடக்கலாமா என்று யோசிக்கும் அகலம் என்றால் தாவ வேண்டாம், காட்டுக்குத் திரும்புங்கள்.

ஏணிகள் நூற்றுக்கு மேல். ஊன்றுகோல்களைப் பையில் செருகிவிட்டு, ஒரு நேரத்தில் ஓர் ஏணியில் ஒருவர் மட்டும். இரண்டு கை, இரண்டு கால் என்ற நான்கில் மூன்று எப்போதும் ஏணியில் இருக்கட்டும். புதியவர்கள் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். மேலிருந்து விழும் சேற்றுக் கட்டியும் தண்ணீர்ப் புட்டியும் அவர்கள் தலைக்குத்தான். தள்ளி நில்லுங்கள்.

ஆறுகளைக் கடக்கக் கம்பியில் ஓடும் தொட்டி உண்டு. ஒரு தடவைக்கு இரண்டு பேர், பைகளோடு. நடுவரை தானாகப் போகும், பிறகு கயிற்றை இழுக்க வேண்டும். இழுக்கும் கை கப்பிக்கு அருகே போகக் கூடாது, நீள முடியை முடிந்துகொள்ளுங்கள். காலால் ஓடையைக் கடக்க நேர்ந்தால் பையின் இடுப்புப் பட்டையை அவிழ்த்துவிட்டு இறங்குங்கள். விழுந்தால் பை உங்களை நீருக்குள் அழுத்தாமல் கழன்றுகொள்ளும்.

சேற்றில் ஓரமாகச் சுற்றிப் போகாதீர்கள். வேரில் வழுக்கி விழுந்தவர்களே அதிகம். நடுவில் இறங்கி நடங்கள், பூட்ஸ் எப்படியும் நனையும்.

9. கூடாரம் அடிக்கும் இடம்

கோடையில் ஆழமான வற்றம் காலையில் வருகிறது என்றேன். அதன் மறுபக்கம், உயரமான ஏற்றம் இரவில் வருகிறது. மாலையில் அகன்று கிடக்கும் மணலைப் பார்த்து மயங்கி, கடலுக்கு அருகே கூடாரம் அடித்தால் நள்ளிரவில் உறக்கப்பை மிதக்கும். காய்ந்த கடற்பாசி வரிசையாகக் கிடக்கும் கோட்டைப் பாருங்கள்; கடல் கடைசியாக வந்துபோன எல்லை அதுதான். அட்டவணையில் அன்றைய இரவு ஏற்றம் முந்தைய இரவைவிட அதிகமா என்றும் பார்த்துவிட்டு, அந்தக் கோட்டுக்கு மேலே இடம் பிடியுங்கள்.

நிலம் அதிர்ந்தால் எதையும் எடுக்காமல் மேட்டுக்கு ஓடுங்கள். 2004 டிசம்பரை அறிந்த நமக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. கூடாரம் அடித்ததும் மேலேறும் வழி எது என்று ஒருமுறை பார்த்து வைப்பது என் வழக்கம்.

10. தண்ணீர், நெருப்பு, விலங்குகள்

ஓடை நீர் தேயிலைச் சாயத்தில் இருக்கும். இலைச்சாறு கலந்த நிறம், பயப்பட வேண்டாம். ஆனால் வடிகட்டியோ கொதிக்க வைத்தோதான் குடிக்க வேண்டும். கடல் கலக்கும் வாயில் மொள்ளாமல் சற்று மேலே போய் மொள்ளுங்கள். 36-ஆம் கிலோமீட்டரில் உள்ள சீவாட் ஆற்று நீர் வாயில் வைக்க முடியாது; மூன்றாம் நாள் அதை நம்பாமல் முன்பே புட்டியை நிரப்பிக்கொள்ளுங்கள்.

நெருப்பு கரையில் மட்டும், ஏற்றம் வந்து அழிக்கும் இடத்தில், ஒதுங்கிய கட்டைகளைக் கொண்டு. கோடைத் தடை இருந்தால் அதுவும் இல்லை. சிப்பிகளைப் பொறுக்கிச் சமைக்காதீர்கள். பாசி நஞ்சு ஏறிய சிப்பி பார்வைக்கும் சுவைக்கும் சாதாரணமாகத்தான் இருக்கும், வேகவைத்தாலும் நஞ்சு போகாது.

கருங்கரடி, ஓநாய், மலைச்சிங்கம் மூன்றும் இங்கே வாழ்கின்றன. முக்கிய முகாம்களில் உணவு வைக்க இரும்புப் பெட்டிகள் இருக்கின்றன. புதியவர்கள் சாப்பாட்டை வைத்துவிட்டுப் பற்பசையையும் சோப்பையும் மிட்டாயையும் கூடாரத்துக்குள் மறப்பார்கள். மணக்கும் எதுவும் பெட்டிக்குள். பெட்டி நிறைந்துவிட்டால் மரத்தில் தொங்கவிடக் கயிறு வேண்டும், பத்துப் பதினைந்து மீட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

பாதை ஹூ-ஐ-ஆட், டிடிடாட், பச்சீடாட் என்ற முதற்குடி மக்களின் நிலத்தில் செல்கிறது. தனிநிலம் என்று பலகை இருக்கும் இடத்தில் பாதையை விட்டு இறங்க வேண்டாம்.

11. ஓவன் முனை நாள்

வற்றம் எப்போது உச்சம் என்பதை மட்டும் பார்க்காதீர்கள். மட்டம் எப்போது 1.8-க்குக் கீழே இறங்குகிறது, எப்போது மீண்டும் தாண்டுகிறது என்ற இரண்டு நேரங்களைத் தாளில் எழுதுங்கள். இரண்டாவது நேரத்துக்கு ஒரு மணி முன்பே முனையைத் தாண்டியிருக்க வேண்டும்.

கேம்பரிலிருந்து முதலில் காட்டு வழி. 65-ஐத் தாண்டியதும் கரைக்கு இறங்கலாம். கேம்பரிலிருந்து முனைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேலாகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை பத்து மணிக்கு முனையில் இருக்க வேண்டுமென்றால் ஆறு மணிக்குப் பை முதுகில் ஏறியிருக்க வேண்டும். கூடாரம் சுருட்டுவதற்கே புதியவர்களுக்கு ஒன்றரை மணி நேரம் ஆவதைப் பார்த்துவிட்டேன். அன்றைக்கு அவல்தான், அடுப்பு வேண்டாம்.

முனைக்குப் பிறகு திராஷர் வரை கார் அளவுக்குப் பாறை உருண்டைகள். கடலிலிருந்து தப்பித்துவிட்டோம் என்ற நிம்மதியில் இங்கே வேகம் கூட்டுகிறவர்கள்தான் கணுக்காலை முறித்துக்கொள்கிறார்கள். கையும் காலும் சேர்த்து, நிதானமாக.

முனைக்கு வந்தபோது தண்ணீர் இன்னும் நின்றால் காத்திருங்கள். மழையில் நின்ற அந்த முதல் தடவை, எங்களோடு வந்த ஓர் இளைஞன் முட்டியளவுதானே என்று இறங்கினான். அடுத்த அலை அவனைப் பாறையில் உட்கார வைத்தது. இரண்டு முட்டியிலும் சிராய்ப்போடு தப்பினான். நேரம் தவறிவிட்டால் கரைக்கு இறங்காமல் காட்டு வழியிலேயே திராஷர் போகலாம். வேரும் சேறுமாக மெதுவான பாதை, ஆனால் அதற்கு அட்டவணை கிடையாது.

12. கடைசி ஐந்து கிலோமீட்டர்

திராஷரிலிருந்து கிளம்பியதும் நேராக ஏணிகளில் ஏற வேண்டும். ஐந்து கிலோமீட்டர்தானே என்று பத்து மணி வரை தூங்காதீர்கள். நான்கைந்து மணி நேரம் பிடிக்கும். முடிவில் கார்டன் ஆற்றைப் படகில்தான் கடக்க வேண்டும், அதற்கும் நேரம் உண்டு. அறிமுக வகுப்பிலேயே கடைசிப் படகு எப்போது என்று கேட்டு வரைபடத்தில் எழுதியிருப்பீர்கள். தவறவிட்டால், எதிர்க்கரையில் நிற்கும் உங்கள் காரைப் பார்த்துக்கொண்டே இன்னோர் இரவு.

காரில் ஒரு செருப்பும் காய்ந்த உடையும் ஒரு தண்ணீர்ப் புட்டியும் விட்டு வைத்திருங்கள். தின்பண்டம் எதையும் விடாதீர்கள், கரடிக்குக் கண்ணாடி பெரிய தடையல்ல. கரையேறியதும் பூங்கா அலுவலகத்தில் நடையை முடித்துவிட்டோம் என்று சொல்லி அனுமதிச் சீட்டை ஒப்படைத்துவிட்டுக் கிளம்புங்கள். இல்லையென்றால் நீங்கள் இன்னும் காட்டுக்குள் இருப்பதாகவே அவர்கள் கணக்கில் இருக்கும்.